ஆகாயமார்க்கமாகச் சென்ற மீன்

கனடாவிலுள்ள மகளுக்கு முருங்கைக்காய் கொடுத்தனுப்பாத தாய்மார் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் இருப்பர்? ஊரிலிருந்து எவரேனும் ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டதும், பிஞ்சும் முற்றலும் அல்லாத காய்களாகத் தெரிந்தெடுத்து, சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, பத்திரிகைத் தாளிற் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறார்கள். “தம்பி, இதை ஒருக்கா என்ரை பிள்ளையிட்டைக் குடுத்துவிடு ராசா” என்று ஒரு வேண்டுகோள். மறுநாளோ அதற்கு மறுநாளோ, பனி கொட்டும் நாட்டிலே ஒரு சமையலறையில் முருங்கைக்காய்க் குழம்பு கொதிக்கிறது.

இதனை நாம் வியாபாரம் என்று சொல்வதில்லை, பாசம் என்கிறோம். ஆயினும் அந்தத் தாயார் செய்த காரியங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். காயின் பருவம் பார்த்தார், ஈரத்தை நீக்கினார், பெட்டியில் இடம் பிடிக்காதவாறு நறுக்கினார், விரைந்து செல்லும் வாகனத்தில் ஒரு மூலை தேடினார். மீனும் மரக்கறியும் பழமும் ஆகாயமார்க்கமாகக் கண்டம் விட்டுக் கண்டம் போகும் இன்றைய பெரு வியாபாரத்திலும் இவற்றுக்கு மேலாகச் செய்யப்படுவது அதிகமில்லை. அவ்வியாபாரம் எப்படி வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோர், அதே கனடா நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள ஒரு சின்னஞ்சிறு தீவுக்கு நம்முடன் வரவேண்டும்.

புதைக்கப்பட்ட பொன்

பிரின்ஸ் எட்வேட் தீவு கனடாவின் மாகாணங்களுள் மிகச் சிறியது. செம்மண் பூமி. நமது வலிகாமத்தைப் போலவே அங்கும் செம்மண்ணில் உருளைக்கிழங்கு நன்றாக விளையும். தீவைச் சூழ்ந்த கடலுக்கு ஒவ்வோர் ஆண்டும் கோடையின் பிற்பகுதியில் ஒரு விருந்தாளி வருவதுண்டு. அதுதான் நீலத்துடுப்புச் சூரை.

சூரை என்றதும் நம்மவர் கறிச்சட்டிக்குள் அடங்கும் மீனை நினைத்துவிடக்கூடாது. முன்னூறு, நானூறு கிலோகிராம் நிறையுள்ள நீலத்துடுப்புச் சூரைகள் அக்கடலில் சாதாரணம். 1979 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அண்டை மாகாணமாகிய நோவா ஸ்கோஷியாவின் கடலிலே தூண்டிலில் அகப்பட்ட மீன் ஒன்று 679 கிலோகிராம் நிறுத்தது. ஓர் எருமைக் கடாவின் பாரம்! சிறு மீன்களைத் தின்று கொழுத்துக் குளிர்காலத்துக்கு வேண்டிய கொழுப்பையெல்லாம் உடம்பிலே சேர்த்துக்கொள்வதற்காகவே இவை வடக்கு நோக்கி வருகின்றன.

1960-களில் இம்மீனை விலை கொடுத்து வாங்க அங்கே ஆளில்லை. இறைச்சி கடுஞ்சிவப்பு, நெய் மிகுதி, அப்பகுதி மக்களுக்கு அது பிடிப்பதில்லை. பணம் படைத்த உல்லாசப் பிரயாணிகள் படகை வாடகைக்கு அமர்த்தி, தூண்டிலிட்டு, மணிக்கணக்காக மல்லுக்கட்டி மீனைக் கரைசேர்ப்பார்கள். துறைமுகத்தில் அதனைத் தலைகீழாகத் தூக்கி, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். படம் பிடித்ததும் மீனின் உபயோகம் முடிந்துவிடும். றாத்தலுக்குச் சில சதம் கொடுத்து நாய், பூனைத் தீன் செய்வோர் எடுத்துச் சென்றால் உண்டு; அல்லாவிடில் குழிதோண்டிப் புதைக்கவேண்டியதுதான்.

அதே காலத்தில் தோக்கியோ நகரத்தில் அதே மீனின் வயிற்றுப் பக்கத் தசையை மெல்லிய துண்டுகளாக அரிந்து பச்சையாகவே உண்பவர்கள் நாளுக்கு நாள் பெருகி வந்தார்கள். இதிலே ஒரு வேடிக்கையுண்டு. யப்பானியரும் முன்னாளில் அந்தக் கொழுப்புப் பகுதியை விரும்பியவர்கள் அல்லர். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கொழுப்பு மிக்க மீன் விரைவிற் கெட்டுவிடும். ஆகையால் சூரையின் சிவந்த தசையை மட்டும் சோயாச் சாற்றில் ஊறவைத்து உண்டு, கொழுப்பைப் பூனைக்கு எறிந்தார்கள் என்பர். இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் மாட்டிறைச்சியின் சுவை பழகிய நாக்குத்தான் கொழுத்த மீனையும் தேடத் தொடங்கியது. நாக்கின் பழக்கம் மாறினால் கடலின் தலைவிதியும் மாறுகிறது.

வெறுமையாகத் திரும்பிய விமானங்கள்

இவ்விரண்டு ஊர்களையும் இணைத்தவர் மீன் வியாபாரி அல்லர். யப்பான் எயர்லைன்ஸ் கம்பனியின் சரக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்த அக்கீரா ஒக்காசாக்கி என்பவர்.

அக்காலத்தில் யப்பான் தேசத்துப் புகைப்படக் கருவிகளும் வானொலிப் பெட்டிகளும் விமானத்தில் நிறைந்து அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வரும்போதோ அங்கிருந்து ஏற்றுவதற்குத் தக்க சரக்கில்லை. விமானம் நிறைந்து பறந்தாலும் வெறுமையாகப் பறந்தாலும் எண்ணெய்ச் செலவு பெரிதாகக் குறைந்துவிடாது. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிச் சென்ற லொறிக்காரர் திரும்பும்போது மாவோ சீமெந்தோ கிடையாதா என்று தேடுவதில்லையா? அதே தேடல்தான் இதுவும். விலை கூடியதாக இருக்கவேண்டும்; கப்பலில் வாரக்கணக்காகக் காத்திருக்க முடியாததாக இருக்கவேண்டும்; யப்பானியர் கேட்டு வாங்குவதாகவும் இருக்கவேண்டும். தேடித் தேடிக் கடைசியில், கனடாக் கரையில் புதைக்கப்படும் மீனிடத்தில் வந்து சேர்ந்தார்கள்.

எண்ணம் எளிது, செய்கை அரிது. சூரை மற்ற மீன்களைப் போன்றதன்று. அதன் உடல் கடல்நீரைவிடச் சூடானது. தூண்டிலோடு போராடப் போராட அச்சூடு இன்னும் ஏறுகிறது. பிடித்த மீனை அப்படியே போட்டுவிட்டால் தசை உள்ளேயே வெந்தது போல வெளிறிப் போகும். அந்த மீன் பச்சையாக உண்ண உதவாது. ஆகவே பிடித்தவுடனேயே குருதியை வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியும் உப்புநீரும் கலந்த தொட்டியிலே அமிழ்த்தி, நடுத்தசை வரைக்கும் குளிர் இறங்கச் செய்யவேண்டும். மீனைப் புதைத்துப் பழகிய மீனவருக்கு இதையெல்லாம் கற்பிக்கவேண்டியிருந்தது.

பிறகு பெட்டி. முழு மீனையும் கிடத்தக்கூடிய நீண்ட பெட்டி வேண்டும். உருகிய நீர் ஒரு துளியும் வெளியே கசியக்கூடாது. உப்புநீர் விமானத்தின் அலுமினிய உடலை அரித்துவிடும். விமானக்காரருக்கு மீன் நாற்றத்தைக் காட்டிலும் அச்சந்தருவது அதுவே. அவ்வாறு செய்யப்பட்ட பெட்டிகளின் வடிவத்தைக் கண்ட தொழிலாளர் அவற்றைச் ‘சவப்பெட்டி’ என்று அழைத்தார்கள். சூரை வியாபாரத்தில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

தீவிலிருந்து நியூயோர்க் வரை லொறியில், அங்கிருந்து விமானத்தில். அந்நாளில் அவ்வழியே செல்லும் விமானங்கள் அலாஸ்காவிலுள்ள அங்கரேஜ் நகரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டுதான் யப்பானை அடைவது வழக்கம். 1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 ஆந் திகதி காலையில், தோக்கியோவின் ஸுகிஜி மீன் சந்தையில், சில நாட்களுக்கு முன்னர் அத்திலாந்திக்கிலே நீந்திக்கொண்டிருந்த சூரைகள் ஏலத்துக்கு வந்தன. வாங்குவோர் கைவிளக்கைப் பிடித்து வாலருகே வெட்டப்பட்ட இடத்திலே நிறத்தையும் நெய்யையும் பார்த்தார்கள். விரலாற் கிள்ளிப் பார்த்தார்கள். ஏலம் போயிற்று.

அதற்கு முந்திய ஆண்டிலேதான் அமெரிக்க டொலர் தனது பொன் ஆதாரத்தை இழந்தது. டொலர் ஒன்றுக்கு 360 யென்னாக இருந்த நாணயமாற்று, 1971 டிசம்பரில் 308 ஆயிற்று. வெளிநாட்டுப் பொருள் யப்பானியருக்கு மலிவாகிய அந்தத் தருணமும் கைகொடுத்தது என்பதை மறக்கலாகாது.

றாத்தல் சில சதத்துக்குப் போன மீன், சில ஆண்டுகளில் றாத்தல் பல டொலருக்குப் போயிற்று. தீவின் கிழக்கு முனையிலுள்ள நோர்த் லேக் என்ற சிறு துறையிலே, முன்பு படம் பிடித்த இடத்தில் மீன் வாங்குவோர் வந்து நின்றார்கள்.

பனிக்கட்டியின் கணக்கு

மாணவர்கள் ஒரு விஷயத்தை இங்கே கவனித்துக்கொள்ளலாம். உறையவைத்த மீன் வேறு, குளிரூட்டிய மீன் வேறு. உறையவைத்ததற்கு அவசரமில்லை, அது கப்பலிலேயே போகலாம். 1882 இல் ‘டனீடின்’ என்ற பாய்க்கப்பல், உறைந்த ஆட்டிறைச்சியை நியூசிலாந்திலிருந்து 98 நாட் பிரயாணத்தில் லண்டனுக்குப் பழுதின்றிக் கொண்டு சேர்த்துவிட்டது. உறையாமல், உறைநிலையை ஒட்டி வைக்கப்பட்ட பச்சை மீனுக்குத்தான் விமானம் வேண்டும். அதன் ஆயுள் நாட்கணக்கு.

ஆனால் சூரையை உறையவைப்பதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைதட்டு சதம அளவையில் உறைநிலைக்குக் கீழே 18 பாகையளவில் இருக்கும். அந்தக் குளிரில் சூரை கெடாது; ஆனால் அதன் செந்நிறம் மெல்ல மெல்லக் கபில நிறமாகிவிடும். தசையிலுள்ள சிவப்புப் பொருள் ஒட்சியேற்றம் அடைவதே காரணம். நிறத்தைக் காக்க வேண்டுமாயின் உறைநிலைக்குக் கீழே 60 பாகை வரை போகவேண்டும். 1960-கள் முதல் யப்பானியரின் தூரக்கடற் கப்பல்கள் இத்தகைய குளிரறைகளோடு உலகைச் சுற்றலாயின. சுவை தெரிந்தவர் என்று பெயரெடுத்தவரின் தட்டிலும் பல வேளைகளில் உறைந்து தெளிந்த மீனே இருக்கிறது. அதை அவருக்குச் சொல்லாதிருப்பது நல்லது.

விமானத்தில் பனிக்கட்டிக்கும் கூலி கொடுக்கவேண்டும். 1948 இல் மேற்குப் பேர்லினுக்குத் தரைவழி அடைபட்டு, இருபது லட்சம் மக்களுக்கு ஆகாயமார்க்கமாக உணவு சென்றபோது, பாணை அனுப்பாமல் மாவையும் அதைச் சுடுவதற்கு நிலக்கரியையும் அனுப்பினார்கள். பாணிலுள்ள தண்ணீருக்குப் பாரம் சுமப்பானேன் என்ற கணக்குத்தான். மீன் ஏற்றுவோரும் மீனை முன்னதாகவே நன்றாகக் குளிரவைத்துவிட்டுப் பனிக்கட்டியைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் உலர்பனி வைப்பார்கள். அது உறைந்த கரியமிலவாயு. உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 78 பாகைக் குளிருள்ளது. உருகி நீராகாமல் ஆவியாகவே மறைந்துவிடும். கசிவுத் தொல்லை இல்லை. ஆனால் அந்த வாயு மூடிய சரக்கறையில் நிறைந்தால், அங்கே கூட்டில் வைக்கப்பட்டிருக்கும் நாய்க்குட்டி மூச்சடைத்து மாண்டுபோகும். ஆதலால் விமானச் சட்டங்களில் உலர்பனி அபாயப் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறதென்று பெட்டியின்மேல் எழுதவேண்டும்.

நிறை மட்டுமன்றி இடமும் கணக்கு. பஞ்சு மூட்டையானாலும், ஒரு கன மீற்றர் இடத்தை அடைத்தால் 167 கிலோகிராம் என்று வைத்தே கூலி வாங்குவார்கள். ரெஜிபோம் பெட்டியின் சுவரைத் தடிப்பாக்கினால் குளிர் நிற்கும், கூலி ஏறும்; மெல்லிதாக்கினால் கூலி குறையும், மீன் சூடேறும். இதற்கு நடுவே நின்று தீர்மானிப்பதுதான் அனுப்புவோரின் சாமர்த்தியம்.

நாம் ஏறிச் செல்லும் பிரயாணிகள் விமானத்திலும் காலடியிலே, நமது பெட்டிகளோடு பெட்டியாக, மீனும் பழமும் பிரயாணம் செய்கின்றன. 2020 க்கு முன்னர் உலக விமானச் சரக்கில் ஏறத்தாழப் பாதி இவ்வாறுதான் போயிற்று. கொரோனாத் தொற்று வந்து பிரயாணிகள் நின்றபோது மீனும் நின்றது ஏன் என்று இப்போது விளங்கும்.

வானம் அடைபட்ட வாரம்

இந்த விரைவு எத்தகைய மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் கென்யா நாட்டினர் 2010 ஏப்பிரலில் கண்டார்கள். ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை சாம்பலைக் கக்கியது. ஐரோப்பாவின் வான்வழி ஏறத்தாழ ஒரு வாரம் மூடப்பட்டது. லண்டன் கடைகளுக்காகப் பறித்துச் சீராக நறுக்கிப் பொதிசெய்த போஞ்சிக்காயும், பூக்களும் நைரோபியில் தேங்கிக் கிடந்தன. தோட்டங்களிலே நாட்கூலிக்கு வேலை செய்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பறித்த காய் மாட்டுக்குத் தீனியாயிற்று. எரிமலையின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத குடும்பங்களின் அடுப்பு, ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் எழுந்த புகையால் அணைந்தது.

விமானத்தில் உணவு அனுப்புவதே பாவம் என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. ஒரு தொன் உணவை ஒரே தூரம் கொண்டு செல்வதற்குக் கப்பலைவிட விமானம் ஏறத்தாழ ஐம்பது மடங்கு கரியமிலவாயுவைக் கக்குகிறது. ஆயினும் கென்யாவின் அந்தப் பெண்களிடம் போய் இதைச் சொல்வதற்கு எமக்கு வாய் வரவில்லை.

கடல் கொடுத்த விலை

அத்திலாந்திக்கின் கதைக்கு மீள்வோம். புதைத்த மீனுக்குப் பொன் விலை கிடைத்தபின் அதைக் கடலில் விட்டுவைப்பார் யார்? மேற்கு அத்திலாந்திக்கிலே பெரிய சூரைகள் விரைவாக அருகின. 1980-களின் தொடக்கத்திலேயே சூரைக்கான அத்திலாந்திக் நாடுகளின் ஆணைக்குழு பிடிக்கும் அளவுக்கு எல்லை விதிக்கவேண்டியதாயிற்று. மத்தியதரைக் கடலிலோ வலையால் வளைத்துக் கூட்டிலே அடைத்துக் கொழுக்கவைக்கும் தொழில் வேரூன்றி, விதித்த எல்லையையும் கடந்து பிடித்தார்கள்.

2010 மார்ச்சில் கட்டார் நாட்டின் தோஹா நகரில் கூடிய சர்வதேச மாநாட்டில், நீலத்துடுப்புச் சூரையின் வெளிநாட்டு வியாபாரத்தையே தடைசெய்யவேண்டும் என்று மொனாக்கோ நாடு பிரேரித்தது. வாக்கெடுப்புக்கு முதல்நாள் இரவு யப்பானியத் தூதரகத்தில் நடந்த விருந்தில் அதே மீன் பரிமாறப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. பிரேரணைக்குச் சாதகமாக 20 வாக்குகள், எதிராக 68. தோற்றது. ஆனால் அந்த அச்சம் வீண்போகவில்லை. ஆணைக்குழு பிடிக்கும் அளவைக் கடுமையாகக் குறைத்தது, கண்காணிப்பும் இறுகியது. 2011 இல் ‘அழியும் அபாயத்திலுள்ளது’ என்று பட்டியலிடப்பட்ட மீன், 2021 இல் அபாயம் குறைந்த வரிசைக்கு மாற்றப்பட்டது. எனினும் கதை தொடங்கிய மேற்குக் கரையின் மீன்கூட்டம் அப்போதும் பழைய பெருக்கத்தை எட்டியிருக்கவில்லை. ஸுகிஜிச் சந்தையும் 2018 ஒக்டோபரில் டொயோசு என்னுமிடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் அங்கே 278 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு ஏலம் போனதை வாசகர்கள் பத்திரிகைகளிற் கண்டிருப்பர். புத்தாண்டின் முதல் ஏலத்தில் விளம்பரத்துக்காகக் கேட்கப்படும் விலை அது. மீன் பிடிக்கும் ஏழைக்கு நாள்தோறும் கிடைப்பதன்று.

நமது கரையில்

நம் நாட்டிலிருந்தும் சூரை பறக்கிறது. நம்முடையது மஞ்சள் துடுப்புச் சூரை, சிங்களத்தில் கெலவல்லா. நீர்கொழும்பு, திக்கோவிட்ட, பேருவளை முதலிய துறைகளிலிருந்து பலநாட் கலங்கள் வயிறு நிறையப் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய், வாரக்கணக்கிலே தங்கிப் பிடித்து வருகின்றன. கட்டுநாயக்கா விமான நிலையம் அருகில் இருப்பது பெரிய வசதி.

2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நமது மீனை வாங்க மறுத்துத் தடைவிதித்தது. மீன் கெட்டது என்பதற்காக அன்று; ஆழ்கடலில் எந்தக் கலம் எங்கே பிடிக்கிறது என்பதை இலங்கை சரிவரக் கண்காணிக்கவில்லை என்பதற்காக. கலங்களுக்கு இடமறியும் கருவிகள் பூட்டப்பட்டு, சட்டங்களும் திருத்தப்பட்ட பின்னர் 2016 இல் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில், கடன்பட்டுக் கலம் வாங்கியவரும் அதில் பங்குக்குத் தொழில் செய்தவரும் பட்ட பாடு ஏற்றுமதிக் கணக்குகளில் எழுதப்பட்டிராது.

மூன்று வாரம் கடலிலிருந்த கலம் கரைக்கு வரும்போது அதன் வயிற்றிலுள்ள மீனெல்லாம் ஒரே தரமானதன்று. முதல் நாட்களிற் பிடித்தது அடியிலே கிடக்கிறது. கடைசி நாட்களிற் பிடித்தது மேலே இருக்கிறது. வாங்க வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தசையில் ஊசிபோன்ற குழாயைச் செருகிச் சிறிது எடுத்து நிறம் பார்க்கிறார். கண்ணாடிச் சிவப்பாக இருந்தால் ஒருபுறம்; மங்கியிருந்தால் மறுபுறம். சூரையை இளஞ்சூட்டில் வைத்திருந்தால் அதிலே ‘ஹிஸ்டமின்’ என்னும் நச்சுப் பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. உண்டவருக்கு முகம் சிவந்து, உடம்பில் தடிப்பும் தலையிடியும் காணும். இல்லத்தரசிகள் சந்தையில் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடக்கும் சூரையை, எவ்வளவு மலிவாயிருந்தாலும், தொடாதிருப்பது நன்று.

சிவந்த மீன்கள் கழுவப்பட்டு, பெட்டியில் அடுக்கப்பட்டு, அன்றிரவே விமானமேறுகின்றன. மங்கிய மீன்களை லொறியிலே ஏற்றிப் பேலியகொடச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். விடியுமுன் அங்கே விலை பேசி வாங்கிய வியாபாரி அதனைத் துண்டு போட்டு வைத்திருப்பார். எட்டு மணியளவில் பையோடு வரும் நாமும், “இது எப்ப வந்த மீன்?” என்று கேட்கிறோம். “இண்டைக்குக் காலமை வந்தது, அம்மா” என்கிறார் அவர்.